இரண்டு நொடி நீலம்

கேசட் உள்ளே போய்விட்டது. வெளியே வர மறுத்தது.

லிஃப்ட்காரர் வீடியோ டெக்கின் பொத்தானை அமுக்கினார். உள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றியது, இருமியது, அடங்கியது. மறுபடி அமுக்கினார். இந்தமுறை இருமல்கூட இல்லை.

"என்னப்பா சத்தம்?" சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. யோசிக்குது."

"எது, டெக்கா?"

"நாங்க ரெண்டு பேருமே."

நடுவழியில் சிக்கிக்கொண்டதை வெளியே எடுப்பதுதான் முப்பத்தைந்து வருடமாக அவர் பிழைப்பு. இரண்டு மாடிகளுக்கு நடுவே ஆறு பேர் மாட்டிக்கொண்டு அலறினாலும் அவர் பதற மாட்டார். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொண்டு பார்த்தவர்கள்தான். அந்த வியாழக்கிழமை காலை, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்கு முன்னால் பதறிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை படம் போட வேண்டும். கடைசிக் காட்சி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஓட்டினார். அந்தக் கடைசிக் காட்சியைத்தான் டெக் இப்போது மென்றுகொண்டிருந்தது.

படத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது; சொன்னாலும் படம் புரியாது. எங்கேயோ யாரோ நாற்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தது. தியேட்டருக்கு வந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண். அவள் புருஷன் பழைய டெலிபோன்களைச் சேர்க்கிறவன். ஒன்றுக்கும் ஒயர் கிடையாது. ஆனால் எல்லாம் மணியடிக்கும். படம் முழுக்க மழை. பின்னணியில் ஆரம்பகால நியூ வேவ் இசை: மூன்று கீபோர்டு, ஒரு தாள மெஷின், சளி பிடித்த ஒரு பாடகி.

அந்த இசைதான் லிஃப்ட்காரருக்கு உயிர். தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு கிதாரைக் கதறவிட்டதெல்லாம் போதும் என்று முடியை வெட்டி, ஒல்லியாக ஒரு டை கட்டி, ஒற்றை விரலால் கீபோர்டைத் தட்டி, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் மனு வாசிக்கிற குரலில் பாடினார்களே, அந்த முதல் நாலைந்து வருடத்துக் கோஷ்டிகள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவரைப் பொறுத்தவரை சர்க்கரைப் பாகு. இளவயதில் லிஃப்ட் மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து, சுவிட்சுகள் டக்-டக்-டடக் என்று விழுவதைக் கேட்டுக் கேட்டு அது தன் காதுக்கு மட்டும் இனிக்கிற சங்கீதம் என்று நினைத்திருந்தாராம். ஒருநாள் ஒரு கேசட்டில் அதே சத்தத்தைக் கேட்டதும், உலகத்தில் இன்னும் நாலு பேருக்கு இந்த வியாதி உண்டு என்று தெரிந்து அழுதேவிட்டாராம். கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'டொய்ங்'.

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு புத்தகம் அதன் இடத்திலிருந்து அரை அடி தள்ளி இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு ஒழுங்கு. "இது பாட்டா, ஃப்ரிட்ஜ் ரிப்பேரா?" என்று மாடிப்படி வரை கேட்கிற மாதிரி கேட்பார். இருந்தாலும் அந்தப் படத்தின் கேசட், கல்யாணத்தன்று அவர் கொடுத்த பரிசுதான். பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் படத்துக்காக நாலு வருடம் அலைந்துகொண்டிருந்த மனிதருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காட்சி. ரசிகர் சங்கத்தில் மூன்று பேர்: லிஃப்ட்காரர், பல் டாக்டர், தபால்காரர். மூவரும் ஒல்லி டையும் கறுப்புக் கண்ணாடியுமாக விளக்கை அணைத்துவிட்டு உட்காருவார்கள். தபால்காரர் ஒவ்வொரு வருடமும் ஸ்டூலில் இடித்துக்கொள்வார்.

படத்தின் மகிமை எதில் என்றால், ஐம்பத்தோராம் நிமிடத்தில். மழைக்கோட்டுப் பெண் ஒரு பஸ்ஸில் ஏறுகிறாள். பஸ் கடலுக்குள் போய்விடுகிறது. உடனே திரை இரண்டு நொடி வெறும் நீலம். பிறகு அரைப் படம் அவள் இல்லாமலே ஓடுகிறது. கடைசியில் மறுபடி இரண்டு நொடி நீலம். கதவைத் திறந்துகொண்டு அவள் வருகிறாள், ஈரக் கோட்டைக் கொக்கியில் மாட்டுகிறாள், "மழை நின்னுடுச்சு" என்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்தது. எப்படி வந்தாள், ஏன் வந்தாள், ஒரு வார்த்தை கிடையாது.

"போன வழியும் நீலம், வந்த வழியும் நீலம்! ஒருத்தியை நடுப்படத்துல சாகடிச்சுட்டு, கடைசில விளக்கமே இல்லாம வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற துணிச்சல் வேற எவனுக்குய்யா வரும்?" என்பார் லிஃப்ட்காரர். இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி நகலெடுத்து எங்கள் தபால்பெட்டி ஒவ்வொன்றிலும் போட்டிருக்கிறார். ஐந்தாம் மாடி அம்மாள் அதை அலமாரித் தட்டில் விரித்துவைத்திருக்கிறார். லிஃப்ட்காரரோ பெயின்ட் கடை அட்டைகளை டிவி திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்து, வீட்டுக் கதவுக்கே அந்த நீலத்தை அடித்தார்.

பல் டாக்டர் ஒருமுறை, "எங்க வீட்டு டெக்ல கேசட் போடாதப்பவும் இதே நீலம்தானே வருது?" என்று கேட்டுவிட்டார். அவரைச் சங்கத்திலிருந்து இரண்டு வருடம் தள்ளிவைத்தார்கள். மூன்று பேர் சங்கத்தில் தீர்மானம் இரண்டுக்கு ஒன்று என்று நிறைவேறியது.

லிஃப்ட்காரர் நீலத்தை விளக்க ஆரம்பித்ததும் மனைவி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். தோள் குலுங்கும். பாவம், இருமல் என்று நினைத்தோம். நடுப்படத்தை அவர் பார்த்ததே கிடையாது. சங்கத்தார் சொல்லித்தான் தெரியும், கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வாசற்படியில் வந்து நிற்பாராம். டிவியைப் பார்க்க மாட்டார், புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது எல்லாரும் எழுந்து போவார்கள் என்று காத்திருக்கிறார் என்பது எங்கள் கணிப்பு. விளக்குப் போட்டதும் வருடந்தோறும் ஒரே வாக்கியம்:

"எப்படியோ, இப்படி முடிச்சவங்க ரொம்ப நல்ல மனசுக்காரங்க."

"நல்ல மனசா? அது கலைத் துணிச்சல்டி!" என்று லிஃப்ட்காரர் கத்துவார்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் மனைவி இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள், அப்புறம் இல்லை. அவர் கடைசியாகக் கழற்றிய சாம்பல் நிற ஸ்வெட்டர் நீலக் கதவின் பின்னால் கொக்கியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மகள் வரும்போதெல்லாம் அதை எடுத்து மடிக்கப் பார்ப்பாள். "ஞாயித்துக்கிழமை படம் முடியட்டும்," என்பார் அப்பா.

"படத்துக்கும் ஸ்வெட்டருக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"அவ உள்ள வந்து கோட்டை மாட்டறதை ஒரே ஒரு தடவை பாத்துடறேன். அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். இந்த வீட்டைப் பூட்டிட்டு உங்க வீட்டுக்கே வரச் சொன்னாலும் வர்றேன்."

இதை அவள் என்னிடம் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஐந்தாம் மாடி அம்மாளைத் தவிர.

ஆக, வியாழக்கிழமை. லிஃப்ட் சாவியால் டெக்கின் மூடியை நெம்பினார். மூடி வந்தது, கூடவே இரண்டு பல்சக்கரமும் வந்தன. கேசட்டை எடுத்தபோது நாடா நூடுல்ஸ் மாதிரி நீண்டுகொண்டே வந்தது. கடைசி மூன்று நிமிடம் கசங்கிப் பொரித்த அப்பளமாகி இருந்தது.

கசங்கினால் என்ன செய்வது? இஸ்திரி போடுவது. பட்டுத்துணிக்கு வைக்கிற சூட்டில்தான் வைத்தார். ஆனால் நாடா பட்டு இல்லை.

"அப்பா, ஏதோ தீயற வாசனை!"

"ஜன்னலைத் திற. கேள்வி அப்புறம் கேளு."

சுருண்டுபோன துண்டை வெட்டிவிட்டு செலோடேப்பால் ஒட்டினார். ஒட்டியதைத் தபால்காரர் வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தார். பசை டெக்கின் தலையில் அப்பிக்கொண்டது. இப்போது கேசட்டும் போச்சு, அடுத்தவன் டெக்கும் போச்சு. தபால்காரர் நல்லவர், "பரவால்ல, என்கிட்ட டெக் இருக்கறதே மறந்துபோச்சு," என்றார்.

கடைசியில் தெருமுனைக் கடைக்குப் போனார். முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடை; இப்போது செல்போன் உறை விற்கிறது. பின்கட்டில் மட்டும் இரண்டு பழைய டெக்கைக் கடைக்காரர் இன்னும் துடைத்து வைத்திருக்கிறார். கேசட்டைக் கையில் வாங்கியதும், மேலே ஒட்டியிருந்த சீட்டில் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் போட்டுக் குடுத்த கேசட். இன்னுமா ஓடுது?"

"ஓடிட்டுதான் இருந்துச்சு, இன்னிக்குக் காலைல வரைக்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

"பாக்கறேன் சார். கடைசிப் பக்கம் ரொம்ப அடி வாங்கியிருக்கு." தலையைச் சொறிந்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன், கேப்பீங்களா? வேற காப்பி எதுவும் வாங்கிடாதீங்க."

"ஏன்?"

"ஏன்னா... பழசுன்னா பழசுதான் சார்."

வியாபாரம் போய்விடுமே என்று சொல்கிறார் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மகளிடம் அப்படியே சொன்னார். சொன்னதுதான் தப்பு.

நல்ல பிள்ளைகள் பெற்றவர்களுக்கு வேறு எதிரியே வேண்டாம். அவள் அன்று மத்தியானமே செல்போனில் தேடி, அதே படம் புதுப்பிக்கப்பட்டுக் குறுந்தகடாக வந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். 'மூலப் பிரதியிலிருந்து, இயக்குநர் எடுத்தபடியே முழுமையாக' என்று போட்டிருந்தது. உடனே வரவழைத்தாள். போதாததற்கு ஆபீசிலிருந்து புரொஜெக்டர் கொண்டுவந்தாள். அதுவும் போதாமல், அப்பா ஆள்களோடு கலகலப்பாக இருக்கட்டும் என்று கட்டடம் முழுக்கக் கூப்பிட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏழாம் மாடியில் அவர் வீட்டில் இருபத்திரண்டு பேர். முப்பது வருடமாக அந்தப் படத்திலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வகையாக மாட்டினோம். லிஃப்ட்காரர் ஒல்லி டை கட்டி, முகம் மழித்து, முதல் வரிசையில் இருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் உட்காரவில்லை, உட்காராதே என்று யாரும் சொல்லவும் இல்லை.

மகள் குறுந்தகட்டைக் காட்டினாள். "சர்ப்ரைஸ்ப்பா!"

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு விழாதா?"

"ஒரு கோடு கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கும்."

கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. மழைக்கோட்டு அவ்வளவு மஞ்சள் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. தாள மெஷின் டக்-டடக் என்றதும் அவர் முழங்கால் தானாக ஆடியது. ஐந்தாம் மாடி அம்மாள் என் காதில், "கண்ணை மூடிட்டா லிஃப்ட்ல போற மாதிரியே இருக்கு," என்றார்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. சங்கத்தார் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஐம்பத்தொன்று. பஸ் வரவில்லை. நீலமும் வரவில்லை. கதவு திறந்தது, அவள் உள்ளே வந்து ஈரக் கோட்டைக் கொக்கியில் மாட்டி, "மழை நின்னுடுச்சு" என்றாள். அவள் உள்ளறைக்குப் போனபிறகும் படம் பாட்டுக்கு, புருஷனும் டெலிபோன்களுமாக, ஓடிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் எழுந்தார். "நிறுத்து! இது போலி!"

"அப்பா, உக்காருங்க..."

"இது கடைசில வரணும்! எவனோ மாத்தி ஒட்டியிருக்கான்! நீலம் எங்க? நீலத்தைக் காணோமே!"

"உக்காருங்க, ஒருவேளை கடைசிலயும் வருமோ என்னமோ," என்றார் பல் டாக்டர். பல் பிடுங்குகிறவர்களுக்கு இந்தக் குரல் கைவந்த கலை. லிஃப்ட்காரர் நம்பி உட்கார்ந்தார்.

கடைசியில் அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஏறினாள். பஸ் கடலுக்குள் போனது. பாடகி பாடவில்லை, மெஷின் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு வெறும் கொக்கி ஒன்றைக் காட்டினார்கள். ரொம்ப நேரம் காட்டினார்கள். மெஷினும் நின்றது. பெயர்கள் ஓடத் தொடங்கின.

யாரும் விளக்கைப் போடவில்லை. இருட்டில் அவர் எழுந்து போனது தெரிந்தது. நீலக் கதவு திறந்து மூடியது. லிஃப்ட் கீழே இறங்குகிற ஓசை கேட்டது. அரை மாடி போனதும் டக்கென்று நின்றது.

தன் சாவியைப் போட்டு நிறுத்தியிருந்தார். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில், கூரை மட்டும் தெரிகிற மாதிரி. முப்பத்தைந்து வருடமாக எத்தனையோ பேரை அப்படி நிற்கிற லிஃப்டிலிருந்து வெளியே எடுத்தவர். அவரை வெளியே எடுக்க ஊரில் வேறு ஆள் கிடையாது.

இருபத்திரண்டு பேரும் நடைவழியில் கூடினோம். தபால்காரர் கம்பிக் கதவருகே குனிந்து, "ஏம்ப்பா, தண்ணி கிண்ணி வேணுமா?" என்றார்.



"படியிருக்கு, இறங்க எனக்கு முட்டி இல்லையே," என்று ஐந்தாம் மாடி அம்மாள் ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, என் தப்புப்பா. நான் வாங்கியிருக்கக் கூடாது. வெளிய வாங்கப்பா."

கீழேயிருந்து குரல் வந்தது. "உன் தப்பு இல்லம்மா."

"பின்ன?"

"முப்பது வருஷமா நான் தப்பாப் பாத்திருக்கேன். அவ திரும்பி வரவே இல்ல பாரு. போனவ போனவதான். நான்தான் கதவுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன்."

சிரிப்பதற்கு இடம் இருந்த வாக்கியம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. கீழேயிருந்து மறுபடி, "அந்த ஸ்வெட்டரை எடுத்து மடிச்சிடு," என்றார்.

மகள் அசையவில்லை.

அப்போதுதான் படியில் மூச்சிரைக்கிற சத்தம். செல்போன் உறைக் கடைக்காரர் ஏழு மாடியும் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கையில் கேசட்.

"லிஃப்ட்டு... என்னாச்சு? படம் ஆரம்பிச்சாச்சா?"

"முடிஞ்சே போச்சு," என்றார் பல் டாக்டர்.

கடைக்காரர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். சுவரில் இன்னும் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேஜைமேல் குறுந்தகட்டின் உறை. தலையில் அடித்துக்கொண்டார். "வாங்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கேட்டீங்களா?" பிறகு கம்பிக் கதவருகே போய்க் குந்தினார். "சார், கேசட் தேறிடுச்சு. கடைசில அவங்க உள்ள வர்றது இருக்கு. கோட்டை மாட்டறது இருக்கு. 'மழை நின்னுடுச்சு' மட்டும் இஸ்திரில போயிடுச்சு. மத்தபடி உங்க படம் உங்களுக்கு இருக்கு."

கீழே லிஃப்ட்காரரின் குரல் உயர்ந்தது. "என் படமா? யோவ், முப்பது வருஷம் என்னை ஏமாத்தியிருக்கியேய்யா! படத்தை முன்னப்பின்ன மாத்திப் போட்டது நீதானே? உன் மெஷின் விக்கல் எடுத்ததைத்தான் நீலம் நீலம்னு நாப்பது பக்கம் எழுதினேனா? கல்யாணப் பரிசுன்னு நம்பி வாங்கினவளையும் சேத்து ஏமாத்திட்டியே! அவ ஒரு புத்தகம் இடம் மாறினாலே சோறு திங்க மாட்டாய்யா!"

கடைக்காரர் கேசட்டைக் கம்பி வழியாக உள்ளே நீட்டி, லிஃப்டின் கூரைமேல் மெதுவாக வைத்தார். அவருக்கு மூச்சு இன்னும் சரியாக வரவில்லை.

"நானும் தப்புப் பண்ணல, மெஷினும் தப்புப் பண்ணல சார். உங்க கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்காதான் என் கடையில ஸ்டூல் போட்டு உக்காந்து முழுப் படத்தையும் பாத்துட்டு, 'அவ போறதை நடுவுல வச்சிடுங்க, வீட்டுக்கு வர்றதைக் கடைசில வையுங்க. இந்த மனுஷன் என்னிக்காவது ஒருநாள் நான் இல்லாம தனியா உக்காந்து இதைப் பாப்பாரு'ன்னு சொல்லி மாத்தச் சொன்னாங்க."